பார்த்தல், அளத்தல், கணக்கிடுதல்: புதுச்சேரி வானம் சொல்லும் பாடம்

சூரியன் பூமியிலிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இந்த வரியை நடத்தாத அறிவியல் ஆசிரியர் இருக்க முடியாது. மாணவர்கள் அதை அடிக்கோடிடுவார்கள். ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ பகுதியில் சரியாக எழுதி ஒரு மதிப்பெண்ணும் பெறுவார்கள். எப்போதாவது ஒரு மாணவர் எழுந்து, “அவ்வளவு தூரத்த யார் சார் போய் அளந்தாங்க?” என்று கேட்பார். வானியல் பாடம் உண்மையில் தொடங்குவது அந்தக் கேள்வியில்தான்.

விடை தேடி நாம் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. அந்த எண்ணை அளப்பதற்காகவே ஒருவர் பிரான்சிலிருந்து கப்பலேறி நம் புதுச்சேரிக்கு வந்திருக்கிறார். அவருக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பு இங்கிருந்து ஒருவர் தொலைநோக்கியில் வானைப் பார்த்து, அதுவரை யாரும் அறியாத ஒன்றைக் கண்டறிந்திருக்கிறார். பின்னாளில் இதே ஊரில் ஒருவர் தரையில் சோழிகளை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியிருக்கிறார். பார்த்தல், அளத்தல், கணக்கிடுதல் என்ற மூன்றும் சேர்ந்ததே வானியல். மூன்றுக்கும் நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. நம் வகுப்பறைக்கு வந்து சேர்வதோ பெரும்பாலும் இவற்றின் முடிவு மட்டும்தான். வேலைகளையும் வகுப்புக்குள் கொண்டுவர முடியும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

பார்த்தல்: 1689

சயாம் நாட்டுக்கு பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அனுப்பிய கணித அறிஞர்களில் ஒருவர் ழான் ரிஷோ என்ற ஏசுசபைத் துறவி. இன்றைய தாய்லாந்துதான் அன்றைய சயாம். 1688இல் அங்கே ஆட்சி கவிழ்ந்தபின் அவர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில் இங்கிருந்து ஒரு வால்மீனைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, அருகில் தெரிந்த ஆல்ஃபா சென்டாரி என்ற பிரகாசமான விண்மீனின் பக்கம் அவரது 12 அடித் தொலைநோக்கி திரும்பியது. வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அந்த விண்மீன், தொலைநோக்கியில் இரண்டாகத் தெரிந்தது. இந்திய மண்ணில் தொலைநோக்கி கொண்டு நடந்த மிகப் பழைய கண்டுபிடிப்புகளில் இது ஒன்று.

அந்த விண்மீனை நம் மாணவர்களும் பார்க்கலாம். பள்ளி திறந்த பின், ஜூன் நடுவில், இரவு 9 மணியளவில் தெற்கு அடிவானம் மறைக்கப்படாத இடத்தில் நின்றால், அடிவானத்துக்கு மேலே சுமார் 17 பாகை உயரத்தில் அது ஒளிரும். கையை முழுவதும் நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. எனவே ஒன்றே முக்கால் முட்டி உயரத்தில் தேடச் சொல்லலாம். அதற்குச் சற்று வலப்புறத்தில் இன்னொரு பிரகாசமான விண்மீன் இருக்கும். இரண்டையும் இணைத்து மேலும் வலப்புறமாகக் கோடு இழுத்தால் அது தெற்குச் சிலுவையை நோக்கிப் போகும். பாரிஸிலிருந்தோ லண்டனிலிருந்தோ இந்த விண்மீன் ஒருபோதும் தெரியாது. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில், சுமார் 12 பாகை வட அட்சத்தில் இருப்பதால் நமக்குக் கிடைத்த பேறு இது. இதைச் சொல்லும்போது புவியியல் பாடத்தின் அட்சக்கோடு மாணவர்களுக்கு வரைபடத்தில் உள்ள கோடாக மட்டும் இருக்காது.

அளத்தல்: 1761, 1769

கெப்ளரின் விதிகள் வந்தபின் கோள்களின் தொலைவு விகிதங்கள் வானியலாளர்களுக்குத் தெரிந்துவிட்டன. சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவை 1 என்று கொண்டால் வெள்ளி 0.72 தொலைவில் இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. ஆனால் அந்த 1 என்பது எத்தனை கிலோமீட்டர் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அளவுத்திட்டம் அச்சிடாத நிலப்படம் கையில் இருப்பது போன்ற நிலை அது. படத்தில் எது அருகே, எது தொலைவில் என்று தெரியும். நடந்தால் எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது.

வழி சொன்னவர் எட்மண்ட் ஹாலி. வெள்ளி எப்போதாவது சூரியனுக்கும் பூமிக்கும் நேர் நடுவே வந்து, சூரிய வட்டின்மீது சிறு கரும்புள்ளியாகக் கடந்து போகும். பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்தப் புள்ளி செல்லும் பாதை சற்றே மேலும் கீழுமாகத் தோன்றும். அதனால் கடக்க ஆகும் நேரமும் சில நிமிடங்கள் வேறுபடும். பார்த்த இடங்களுக்கு இடையிலான தொலைவும் இந்த நேர வேறுபாடும் தெரிந்தால் சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம் என்று 1716இல் அவர் விளக்கினார். அடிப்படை எளிது. கட்டை விரலை நீட்டி இடக்கண்ணால் ஒருமுறை, வலக்கண்ணால் ஒருமுறை பார்த்தால் விரல் பின்னணியில் இடம் மாறுகிறதல்லவா, அதே இடமாறு தோற்றம்தான்.

இந்த அளவீட்டுக்காக லெ ஜான்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1760 மார்ச்சில் புதுச்சேரியை நோக்கிப் புறப்பட்டார். அவர் வழியில் இருக்கும்போதே, 1761 ஜனவரியில், ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றிவிட்டனர். கப்பல் திரும்ப வேண்டியதாயிற்று. ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனைக் கடந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். காட்சி தெரிந்தது. ஆனால் ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் ஒழுங்காக ஓடாது. நின்ற இடத்தின் தீர்க்கக்கோடும் துல்லியமாகத் தெரியாது. பார்த்தார், அளக்க முடியவில்லை.

அடுத்த கடப்பு எட்டு ஆண்டுகள் கழித்து. அதுவரை நாடு திரும்பாமல் கீழைப் பகுதிகளிலேயே தங்கினார். 1768 மார்ச்சில், மீண்டும் பிரெஞ்சு ஆட்சிக்கு வந்துவிட்ட புதுச்சேரியில் இறங்கினார். கோட்டையின் இடிபாடுகள்மீது அவருக்கு ஆய்வுக்கூடம் எழுந்தது. எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலேயரே சென்னையிலிருந்து தொலைநோக்கி ஒன்றைக் கொடுத்து உதவினர். 1769 ஜூன் 4 காலை சூரியன் உதித்துச் சிறிது நேரத்தில் வெள்ளி அதன் முகத்தைவிட்டு வெளியேற வேண்டும். அந்த நொடியைக் குறிக்க வேண்டும். அதற்கு முந்தைய மாதம் முழுவதும் காலை வானம் தெளிவாகவே இருந்தது. அன்று மட்டும் காற்றோடு மேகம் திரண்டு சூரியனை மூடியது. கடப்பு முடிந்தபின் வெயில் அடித்தது. 1771இல் அவர் நாடு திரும்பியபோது, இறந்துவிட்டதாகக் கருதி உறவினர்கள் சொத்தைப் பிரித்துக்கொள்ள முனைந்திருந்தனர். அறிவியல் கழகத்தில் அவருடைய இடமும் பறிபோயிருந்தது.

மாணவர்கள் இக்கதையைக் கேட்டு ‘பாவம்’ என்பார்கள். நாம் அங்கே நிறுத்திவிடக் கூடாது. சூரியனின் தொலைவு அளக்கப்படாமல் போய்விட்டதா என்று கேட்க வேண்டும். போகவில்லை. தஹிட்டித் தீவில் கேப்டன் குக்கின் குழுவினரும், உலகின் வேறு பல இடங்களில் பலரும் அதே கடப்பை அளந்தனர். 1761, 1769 அளவீடுகளைச் சேர்த்து லாலாண்ட் 1771இல் கண்ட விடை சுமார் 15.3 கோடி கிலோமீட்டர். இன்றைய அளவு 14.96 கோடி. வேறுபாடு 2 விழுக்காடு அளவில்தான். ஒருவரின் வானத்தை மேகம் மூடலாம் என்பதால்தான் அறிவியல் பல இடங்களில் பலரை நிற்க வைக்கிறது. 2004 ஜூன் 8, 2012 ஜூன் 6 ஆகிய நாள்களில் நடந்த வெள்ளிக் கடப்புகளை நம்மில் பலர் பாதுகாப்பான கண்ணாடி வழியே பார்த்திருப்போம். அடுத்தது 2117 டிசம்பரில்தான்.

கணக்கிடுதல்: 1825

லெ ஜான்டில் புதுச்சேரியில் வீணே காத்திருக்கவில்லை. இங்கிருந்த தமிழ்க் கணிதர்களிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவைச் சரிபார்த்தபோது, தமிழ்முறைக் கணக்கு உண்மையைவிட 41 விநாடி குறைவாக வந்தது. அன்று ஐரோப்பாவில் சிறந்ததாகக் கருதப்பட்ட டோபியாஸ் மாயரின் அட்டவணையோ 68 விநாடி கூடுதலாகக் காட்டியது.

பின்னாளில், சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைச் சந்தித்தார். தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. சோழிகளைத் தரையில் அடுக்கியும் நகர்த்தியும், மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டும் அவர் 1825 மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வாரன் தம் ‘கால சங்கலித’ நூலில் இதைப் பதிவு செய்தார். அறிவியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கபவர் 1952இல் ‘தமிழ் வானியல்’ என்ற தலைப்பிலேயே இம்முறையை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்.

வாக்கிய முறையின் கணக்கு அழகானது. நிலா எல்லா நாளும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. ஒருநாள் 12 பாகைக்கும் குறைவாகவும், இன்னொருநாள் 15 பாகை வரையும் நகரும். வேகம் கூடிக் குறையும் இந்தச் சுழற்சிக்கு ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது. இப்படி 9 சுழற்சிகள் முடிய ஏறக்குறைய சரியாக 248 நாள். ஆகவே 248 நாள்களுக்கும் நிலாவின் இடத்தைச் சொல்லும் 248 வாக்கியங்கள். ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணைக் குறிக்கும். 249ஆம் நாள் மீண்டும் முதல் வாக்கியம். நினைவில் சுமக்கத்தக்க ஓர் அட்டவணை இது.

1825 கணிப்பு எவ்வளவு சரியாக இருந்தது? கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். 1765 கிரகணத்துக்கு 41 விநாடிப் பிழை, இங்கே ஒரு மணி நேரத்தை நெருங்கும் பிழை. ஒருமுறை விடை சரியாக வந்தால் முறை முழுவதும் சரி என்றாகிவிடாது; மீண்டும் மீண்டும் வானத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.

வாரன் இன்னொன்றையும் குறித்திருக்கிறார். அந்தக் கணிதருக்கு அபாரமான நினைவாற்றல் இருந்தது. ஆனால் தாம் செய்யும் கணக்கின் பின்னுள்ள கோட்பாடு தெரியாது. இதை நாம் ஏளனமாகப் படிக்க வேண்டியதில்லை. அப்படி மனத்தில் சுமந்தவர்களால்தான் பல நூற்றாண்டுகளின் அறிவு அழியாமல் வந்தது. ஆனால் ஏன் என்பது தெரியாதபோது, வந்த பிழையைத் திருத்தும் வழி அடைபடுகிறது. 15 கோடி என்று எழுதி மதிப்பெண் பெறும் நம் மாணவரின் நிலையும் இதுதான். எண் இருக்கிறது, அதைச் சோதிக்கும் வழி இல்லை.

சோதிப்பதன் பயனை நம் மாநிலத்திலேயே காட்டலாம். திருநள்ளாற்றில் 2023 டிசம்பர் 20 அன்று சனிப்பெயர்ச்சி விழா நடந்தது வாக்கியப் பஞ்சாங்கப்படி. திருக்கணிதப் பஞ்சாங்கம் அதே பெயர்ச்சியை அவ்வாண்டு ஜனவரி 17 அன்றே குறித்திருந்தது. வழிபாட்டு மரபுக்குள் நாம் போக வேண்டாம். பழைய மதிப்புகளைப் பின்பற்றும் கணக்கும், புதிய அளவீடுகளால் திருத்தப்பட்ட கணக்கும் எப்படி விலகுகின்றன என்பதற்கு இதைவிட அறிமுகமான எடுத்துக்காட்டு மாணவர்களுக்குக் கிடைக்காது.

வகுப்பில் என்ன செய்யலாம்?

இரவில் மாணவர்களைப் பள்ளிக்கு வரவழைப்பது, குறிப்பாக மாணவிகளை, எளிதன்று. கீழுள்ளவற்றைப் பகலில் பள்ளியிலும் மாலையில் வீட்டு மொட்டைமாடியிலும் செய்யலாம். தெருவிளக்குகளின் வெளிச்சம் மங்கலான விண்மீன்களை மறைத்தாலும் நிலாவையும் கோள்களையும் மறைப்பதில்லை.

தொடக்கநிலைக்கு, ஒரு நிலா ஏடு. 15 நாள்கள், மாலை ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று நிலாவின் வடிவத்தையும் எந்த வீட்டுக்கு, எந்த மரத்துக்கு மேலே தெரிந்தது என்பதையும் வரைய வேண்டும். தெரியாத நாளில் ‘மேகம்’ என்றோ ‘காணவில்லை’ என்றோ எழுத வேண்டும். நேற்றைய படத்தைப் பார்த்து இன்று வரையக் கூடாது என்பது மட்டுமே விதி.

நடுநிலைக்கு, இடமாறு தோற்றத்தால் அளத்தல். மைதானத்தில் 10 மீட்டர் நீளக் கோடு போட்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் கொடிக்கம்பத்துக்கான கோணத்தைப் பாகைமானியால் அளக்கச் சொல்லுங்கள். 1 செ.மீ. = 1 மீட்டர் என்று நோட்டில் முக்கோணம் வரைந்தால் கம்பத்தின் தொலைவு கிடைக்கும். பிறகு அளவுநாடா பிடித்துச் சரிபார்க்கலாம். குழுவுக்குக் குழு விடை மாறும். ஏன் மாறியது என்று பேசும் பத்து நிமிடம்தான் இச்செயல்பாட்டின் மையம்.

உயர்நிலைக்கு, கணித்துச் சோதித்தல். நம் கடற்கரை கிழக்கு நோக்கியது; பௌர்ணமி நிலா ஏறக்குறைய சூரியன் மறையும் நேரத்தில் கடலிலிருந்து எழும். மறுநாள் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகும். பௌர்ணமியன்று நேரம் குறித்து, அடுத்த மூன்று நாள்களுக்கான நேரத்தை முன்கூட்டியே எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு கணித்த நேரம், பார்த்த நேரம், வேறுபாடு என்று மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். வேறுபாடு ஏன் பூச்சியமாக வரவில்லை என்று கேட்பவருக்கு 248 வாக்கியங்களின் கதையைச் சொல்லலாம்.

இந்தச் செயல்பாடுகளுக்கு மதிப்பெண் தருவதானால், சரியான விடைக்குத் தருவதைவிட நேர்மையான பதிவுக்குத் தாருங்கள். ‘மேகம்’ என்று எழுதிய மாணவருக்கும் முழு மதிப்பெண் உண்டு. 15 கோடி கிலோமீட்டர் என்பதை அவர்கள் எப்படியும் படித்துக்கொள்வார்கள். அதை யாரோ நின்று, காத்திருந்து, அளந்து, பிழை பார்த்துத் திருத்திச் சொன்னார்கள் என்பதையும், தாமும் அப்படிச் செய்யலாம் என்பதையும் நாம்தான் சொல்லித்தர வேண்டும்.