கலர் பென்சிலும் ஆல்கஹால் மார்க்கரும்: எதை வாங்கி அடுக்குவது?

மளிகையோடு நோட்டு, பேனாவும் விற்கும் கடைகள் கனகம்மாசத்திரம் போன்ற நெடுஞ்சாலை ஊர்களுக்குப் புதிதல்ல. செல்போனில் படம் வரையும் காட்சிகளைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் இப்போது “ஆல்கஹால் மார்க்கர் இருக்கா அண்ணா?” என்று கேட்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. சாயத்தைத் தண்ணீருக்குப் பதில் ஸ்பிரிட்டில் கரைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஜப்பானில் 1987-ல் வெளிவந்த ‘காப்பிக்’ இவ்வகையில் பேர் வாங்கியது. கொரியாவின் ‘டச்’ மார்க்கரும் அப்படியே. ஆனால் மூடியில் ‘டச்’ என்று அச்சிட்ட எல்லாமே கொரியச் சரக்கு அல்ல. அந்தச் சொல்லை ஒட்டவைத்த சீன செட்டுகள் ஏராளம்.

ஆசைப்பட்டு 80 கலர் செட்டாக வாங்கிப் பணத்தை முடக்க வேண்டாம் என்பதே நமது யோசனை. நமக்கு ஓடும் சரக்கு கலர் பென்சில்தான். அதிலும் அரசுப் பள்ளியில் 3 முதல் 5-ஆம் வகுப்புவரை கலர் பென்சிலை அரசே இலவசமாகத் தருகிறது. ஆகவே ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களையும் தனியார் பள்ளிப் பிள்ளைகளையும் மனதில் வைத்துக் கொள்முதல் செய்யுங்கள்.

பென்சில் மாதிரியை மொத்தக் கடையிலேயே சோதிக்கலாம். கண்ணாடி மேசையில் உருட்டுங்கள். தள்ளாடினால் மரம் வளைந்திருக்கிறது. அடிப்பக்கம் பாருங்கள், கலர் குச்சி நடுவில் இல்லையென்றால் சீவச் சீவ உடையும். மூட்டையைத் தொப்பென்று போடும் பையனையும் கண்டியுங்கள். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே குச்சி துண்டு துண்டாகிவிடும். பழி கடைக்காரருக்குத்தான்.

மார்க்கருக்குச் சோதனை வேறு. ஒரு கோடு இழுத்து, காயுமுன் பக்கத்தில் இன்னொரு கலரை வையுங்கள். இரண்டும் இழைந்து கலந்தால் நல்லது. காய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கலர் கரைந்து ஓடினால் அது சாதாரண ஸ்கெட்ச் பேனா ரகம், ஆல்கஹால் மார்க்கர் விலை கொடுக்காதீர்கள்.

வாடிக்கையாளர் சண்டைக்கு வருவது பெரும்பாலும் காகிதத்தால். சாதாரண நோட்டில் மார்க்கர் மை மறுபக்கம் ஊறி, அடுத்த தாளையும் கெடுக்கும். தடித்த, வழவழப்பான தாளையும் சேர்த்து வாங்கி வையுங்கள். அது இல்லாமல் மார்க்கர் மட்டும் விற்பது வம்பை விலைக்கு வாங்குவது. கலர் பென்சிலுக்கு நேர்மாறு: சற்றுச் சொரசொரப்பான தாளில்தான் கலர் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துத் தீட்டுகிறவரிடம், முதலில் மார்க்கர், நன்றாகக் காய்ந்தபின் பென்சில் என்று சொல்லி அனுப்புங்கள். மாற்றிச் செய்தால் பென்சில் மெழுகு மார்க்கர் முனையை அடைத்துவிடும்.

வைக்கும் இடமும் முக்கியம். கத்திரி வெயிலில் வானிலை அறிக்கையில் திருத்தணி பெயர் அடிபடாத வருடம் உண்டா? தகரக் கூரைக்கடியில் மெழுகுக் கிரேயான் இளகும், மார்க்கர் காயும். இரட்டை முனை மார்க்கரைப் படுக்க வைக்க வேண்டும். நிறுத்தினால் மை ஒரு முனைக்கே இறங்கும். ஸ்பிரிட் தீப்பற்றும் பொருள். சாமி பட விளக்குக்கும் கற்பூரத் தட்டுக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். மாதிரி அட்டையையும் வெயில் படாமல் மாட்டுங்கள், சாயம் வெளுத்துவிடும்.

பில் போடும்போது ஒரு விஷயம். பென்சில், கிரேயானுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. மார்க்கருக்கு 18 சதவீதம். இரண்டையும் ஒரே விலைக்குப் பரிசுப் பெட்டியாகக் கட்டினால் பெட்டி முழுவதற்கும் கூடுதல் வரி விகிதமே பொருந்தும். பதிவு பெற்ற கடைக்காரர்கள் தனித்தனி வரியில் எழுதித் தனித்தனி விலைக்கே விற்கலாம். முதல் தடவைக்கு மார்க்கரில் 12 கலர் செட் நாலைந்து போதும். அது விற்றபின் பாரிமுனைக்கு அடுத்த நடை போகலாம்.