ஒல்லியான அம்மாவின் பாலில் சத்து இருக்குமா?



போன மாதம் ஜேடர்பாளையம் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரம். கைக்குழந்தையோடு வந்த ஒரு உறுப்பினர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அக்கா, நான் ஒல்லியா இருக்கறதால என் பால்ல சத்தே இல்லைன்னு எங்க அத்தை சொல்றாங்க. தண்ணியாட்டந்தான் இருக்குதுங்க. புட்டிப்பாலுக்கு மாத்திரட்டுங்களா?" குழந்தைக்கு இரண்டே மாதம். இந்தச் சந்தேகம் பல வீடுகளில் இருப்பதால் இங்கே விளக்குகிறோம்.

பால் ஏன் தண்ணியாகத் தெரிகிறது?

100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 3 முதல் 4 கிராம் கொழுப்பு உண்டு. குழந்தைக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய பாதி இதிலிருந்துதான் வருகிறது. மூளை வளர்ச்சிக்கும் இது தேவை. எருமை கறக்கிறவர்களுக்குத் தெரியும், கடைசியாகக் கறக்கும் பாலில்தான் ஃபேட் அதிகம். நமக்கும் அப்படித்தான். முதலில் வருவது நீர்த்திருக்கும், போகப் போகக் கொழுப்பு கூடும். ஆகவே ஒரு பக்கம் குழந்தை குடித்து முடித்த பிறகே மறுபக்கம் மாற்றுங்கள்.

தாயின் எடைக்கும் பாலுக்கும் என்ன தொடர்பு?

சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், நம் நாட்டு ஏழைத் தாய்மார்களின் பாலை ஆராய்ந்து 1958-ல் கட்டுரை வெளியிட்டார். சத்தான சாப்பாடு போதாத தாய்மார்களும் பல மாதங்கள் குழந்தைக்குப் பால் கொடுத்து வளர்க்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. மிகவும் மெலிந்த தாயின் பாலில் கொழுப்பு சற்றுக் குறையலாம். ஆனால் 'சத்தே இல்லை' என்பது தவறு.

அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? கர்ப்ப காலத்தில் தாயின் உடம்பு சேர்த்து வைத்ததிலிருந்தும், தினம் சாப்பிடுவதிலிருந்தும். போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் நம் சேமிப்புக் கணக்கு என்ன ஆகும்? அதுதான் அம்மாவின் உடம்புக்கும் நடக்கிறது.

குண்டாக இருந்தால் பால் நல்லதா?

அப்படியும் இல்லை. உடல் பருமனான சிலருக்குப் பிரசவத்துக்குப் பின் பால் சுரக்கத் தாமதமாகும். குழந்தையை அடிக்கடி மார்பில் போட்டால் சுரக்கும். எடை கூடிய தாய்மாரின் பாலில், மூளைக்கு உதவும் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு குறைவாக இருப்பதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன.

என்ன செய்ய வேண்டும்?

* முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம்.
* பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினமும் சுமார் 600 கலோரி கூடுதலாகத் தேவை. ஒரு வேளைச் சாப்பாடு அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
* ராகி, கம்பு, பருப்பு, கீரை, நிலக்கடலை சேருங்கள். மீனில் நல்ல கொழுப்பு உண்டு. நாமக்கல் முட்டை எங்கெங்கோ போகிறது, பிள்ளை பெத்தவளுக்கு தினம் ஒரு முட்டை போகக்கூடாதா?
* அங்கன்வாடி சத்துமாவு தாய்க்காகத் தருவது. அவரே சாப்பிட வேண்டும். பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரையும் முக்கியம்.
* குழந்தை நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதும் என்று பொருள். எடை ஏறாவிட்டால் உடனே கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள்.

கேள்வி கேட்ட தங்கச்சியின் குழந்தையை அங்கன்வாடியில் எடை போட்டோம். வளர்ச்சிக் கோட்டில் சரியாகவே இருந்தது. அடுத்து தாயை நிறுத்தினோம். எடை குறைந்திருந்தது அவருக்குத்தான். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிறாராம்.

மாமியார்களே, புட்டி வாங்கும் காசுக்கு முட்டை வாங்குங்கள். மருமகளுக்கு முதல் பந்தி போடுங்கள். பேரப்பிள்ளைக்கு அதுவே சத்து.