இலை விரியும் முன் பூத்துவிடும் பிரிம்ரோஸ்

நிழலில் வளரும் செடி என்று பிரிம்ரோஸுக்குப் பெயர். அதை நம்பி, ஆண்டு முழுவதும் வெளிச்சமே எட்டாத சுவரோரத்தில் நட்டால் இலை மட்டும்தான் மிஞ்சும்.

இங்கிலாந்தின் ஓக், ஹேசல் காடுகளில் இது எப்படி வாழ்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். குளிர்காலத்தில் அந்த மரங்கள் மொட்டையாக நிற்கும். மார்ச், ஏப்ரலில் கிளைகளுக்கு இடையே வெயில் தாராளமாகத் தரையில் விழும். அந்தச் சில வாரங்களில் செடி வெளிர்மஞ்சள் பூக்களைப் பூத்து முடித்துவிடுகிறது. மே மாதத்தில் மேலே இலை அடர்ந்துவிடும். அந்த நிழலும் வேண்டியதுதான். கோடையில் மண் காயாமல் காப்பது அதுவே. ஆகவே இலையுதிர் மரத்தடிதான் இதற்கு இடம். எப்போதும் பச்சையாக நிற்கும் ஊசியிலை மரத்தடி ஆகாது.

தோட்டக்கலைஞர் கெர்ட்ரூட் ஜீக்கல், சர்ரே மாவட்டத்தில் தம் மன்ஸ்டெட் உட் தோட்டத்தில் இப்படித்தான் ஓக், ஹேசல் நிழலில் பிரிம்ரோஸுக்கென்றே தனி இடம் ஒதுக்கினார். நல்ல செடிகளின் விதையை மட்டும் ஆண்டுதோறும் பொறுக்கி, கொத்தாகப் பூக்கும் வெள்ளை, மஞ்சள் வகைகளை வளர்த்தெடுத்தார். இன்று கடைகளில் விற்கும் கண்ணைப் பறிக்கும் நிறங்களைவிட அந்த இரண்டு நிறங்களே மரநிழலுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

மண்ணில் மக்கிய இலை நிறையக் கலந்திருக்க வேண்டும். ஈரம் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. நத்தைகள் பூவைக் கடிக்கும். தொட்டிச் செடி திடீரென வாடினால் வேரைப் பாருங்கள். வைன் வீவில் என்ற வண்டின் புழு தின்றுகொண்டிருக்கலாம்.

விதையைப் பறித்த கையோடு தூவுவது நல்லது. முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மண்ணை மேலே கொட்டி மூடக் கூடாது. விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புச் சதைக்காக எறும்புகளும் அதை இழுத்துச் சென்று பரப்பும்.

சில பிரிம்ரோஸ் செடிகளின் பூக்களில் சூல்முடி பூக்குழலின் வாயருகே, குண்டூசித் தலைபோலத் தெரியும். மகரந்தப் பைகள் உள்ளே இருக்கும். மற்றச் செடிகளில் இது தலைகீழ். ஒரு செடியில் ஒரு வகைப் பூதான். ஒரு வகையின் மகரந்தம் மற்ற வகையில் சேர்ந்தால்தான் விதை நன்றாகப் பிடிக்கும் என்பதைச் சோதித்துக் காட்டியவர் டார்வின். 1861 நவம்பரில் லண்டன் லின்னேயன் சங்கத்தில் அதைக் கட்டுரையாக வாசித்தார்.

தோட்டக்காரருக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. பூத்து ஓய்ந்ததும் பழைய தூரைத் தோண்டிப் பிரித்து நடுவதே எளிய வழி. ஆனால் ஒரே தூரிலிருந்து பிரித்தவை எல்லாம் ஒரே வகையாகவே இருக்கும். விதையும் வேண்டுமென்றால், வாங்கும்போதே பூவின் வாயைப் பார்த்து இரண்டு வகையிலும் எடுத்து வர வேண்டும்.