வயிற்றைப் பிரட்டும் இராட்டினமும் அம்மாவின் கஞ்சிப் போத்தலும்

கனடாவிலிருந்து ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்த தங்கச்சியின் மகன், வந்த மூன்றாம் நாளே கேட்டுவிட்டான்: "பெரியம்மா, இங்க ரோலர்கோஸ்ரர் ஒண்டும் இல்லையா?" எங்கள் வீடு முள்ளிவாய்க்காலில். கிழக்கே கடல், மேற்கே நந்திக்கடல், நடுவில் மணலும் பனையும். "ஏன் இல்லை, வட்டுவாகல் பாலத்தால மோட்டார்சைக்கிளில ஒருக்காப் போட்டு வா" என்றார் என் கணவர். சிரித்து முடிவதற்குள் ஐந்து பெரியவர்கள், நான்கு பிள்ளைகள், ஒரு ஹையேஸ் வான் என்று திட்டம் வளர்ந்துவிட்டது. இயக்கச்சியில் றீச்சா பண்ணை இருக்கிறது, ஒரே நாளில் போய் வரலாம். பெரிய இராட்டினமும் நீர்ச்சறுக்கும் வேண்டுமென்றால் தெற்கேதான் போக வேண்டும். அவிசாவளை வீதியில் லெஷர் வேர்ல்ட், பண்டாரகமவில் பேர்ல் பே. பிள்ளைகள் தெற்குக்கே கை தூக்கினார்கள். நாங்கள் போன பூங்காவின் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. வழியிலும் அங்கேயும் எங்கள் உடம்புகள் செய்த வேலைகளைத்தான் எழுத வந்தேன்.

மாங்குளம் வர முதலே என் மகள் சத்தி எடுத்தாள். பத்து வயது. பின் இருக்கை, மடியில் கைபேசி, அதில் ஏதோ கேம். சொப்பிங் பாக்கை நீட்டுவதற்குள் பாதி சட்டையில்.

குற்றம் வயிற்றில் இல்லை, காதில். உட்காதில், கேட்கும் உறுப்புக்குப் பக்கத்திலேயே, திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது குழாயும் திரும்பும், உள்ளிருக்கும் திரவம் ஒரு கணம் பின்தங்கும். தண்ணீர் நிறைந்த வாளியைச் சட்டென்று திருகினால் வாளி சுற்ற, தண்ணீர் நின்ற இடத்திலேயே நிற்குமே, அதே கதைதான். அந்தப் பின்தங்கல் நுண்ணிய மயிர்க்கலங்களை வளைக்க, மூளைக்குச் செய்தி போகும். குழாய்களோடு இரண்டு சிறு பைகளும் உண்டு. அவற்றில் கல்சியம் காபனேற்றுத் துகள்கள், அதாவது கடற்கரையில் நாங்கள் மிதிக்கும் சிப்பி ஓட்டின் அதே பொருள். முன்னே பாய்வதையும் மேலே எழுவதையும் அவை சொல்லும். இந்த உறுப்பை ஆராய்ந்த ரொபேர்ட் பராணிக்கு 1914 இன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

வானில் என் மகளின் கண் சொன்னது: ஒன்றும் அசையவில்லை. காது சொன்னது: வளைவு, குழி, பிரேக். இரண்டு சாட்சிகளும் முரண்பட்டால் மூளை குழம்பும். அதற்கு வாந்தி ஏன்? 1977 இல் மிஷெல் ட்ரீஸ்மன் ஒரு கருதுகோள் சொன்னார். இயற்கையில் கண்ணும் காதும் இப்படி முரண்படுவது பெரும்பாலும் நஞ்சு தின்றபோதுதான். ஆகவே மூளை முன்னெச்சரிக்கையாக வயிற்றைக் கழுவுகிறது. நிரூபிக்கக் கடினமான கருத்துத்தான். ஆனால் சொப்பிங் பாக்கோடு பின் இருக்கையில் இருந்த எனக்கு அது நியாயமாகவே பட்டது.

கவனித்தீர்களா, வான் ஓட்டுநருக்கு மட்டும் இந்த வருத்தம் அநேகமாக வருவதே இல்லை. அடுத்த வளைவு அவருக்குத் தெரியும். ஸ்ரேறிங்கைத் திருப்பும் முன்பே அவருடைய மூளை திரும்பிவிடுகிறது. ஆகவே சத்தி எடுக்கும் பிள்ளையை ஓட்டுநரின் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டும். சில்லுக்கு மேலுள்ள இருக்கையும் பின் இருக்கையும் வேண்டாம், முன்பக்கம் இருத்தி, தூரத்து வீதியைப் பார்க்க விடுங்கள். கைபேசியைப் பறித்தேன். ஓமந்தை வரை அழுகை, பிறகு நித்திரை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது அரிது. இரண்டு முதல் பன்னிரண்டு வரைதான் உச்சம். அதனால்தான் தங்கச்சியின் கைக்குழந்தை சிரித்துக்கொண்டே வந்தது. மாத்திரை கொடுப்பதென்றால் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக, பிள்ளையின் வயதைச் சொல்லி வைத்தியரிடமோ பாமசியிலோ கேட்டுக் கொடுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு வயிறு மருந்தை ஒழுங்காக உறிஞ்சாது. தேசிக்காய் மணம் உதவுமா என்று கேட்டால், என் அம்மா உதவும் என்பார். நானும் ஒன்றைக் கையில் வைத்திருந்தேன்.

வழி முழுக்கத் தங்கச்சி மகன் ரொறொன்ரோவுக்கு அருகே வோன் நகரிலுள்ள கனடாஸ் வொண்டர்லாண்ட் புராணம் பாடினான். அங்கே 2012 இல் திறந்த லெவியதான் என்ற ரோலர்கோஸ்ரர் 93 மீற்றர் உயரம், 148 கிலோமீற்றர் வேகம். கைபேசியில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 93 மீற்றரிலிருந்து ஒரு தேங்காய் தடையில்லாமல் விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 154 கிலோமீற்றர். அந்தப் பெட்டித்தொடரும் விழும் தேங்காய்தான். காற்றும் உராய்வும் 6 கிலோமீற்றரை மட்டும் தின்றுவிடுகின்றன. மேலே இழுத்துவிடுவதற்கு மோட்டார் வேண்டும், அதன் பிறகு எல்லாம் புவியீர்ப்பின் தயவு. "அப்ப எஞ்சின் இல்லையா?" என்று அவனுக்குப் பெரிய ஏமாற்றம்.

ஊருக்கு வரும் கார்னிவலில் மரணக் கிணறு பார்த்தவர்களுக்கு மீதி இயற்பியலும் தெரியும். வேகம் இருக்கும் வரை சுவர் சில்லைத் தாங்கும். வட்டத்தில் வேகம் இரட்டித்தால் உடம்பை அழுத்தும் விசை நான்கு மடங்காகும். 1895 இல் நியூயோர்க்கின் கோனி ஐலண்டில் முழு வட்ட வளையத்தோடு ஒரு வண்டி ஓடியது. வளையத்துக்குள் நுழையும் கணத்திலேயே கழுத்து நொந்தது. 1976 இல் கலிபோர்னியாவில் வந்த நவீன வளையம் நீர்த்துளி வடிவில் இருந்தது. வேகம் கூடிய அடிப்பகுதியில் வளைவு அகலம், வேகம் குறையும் உச்சியில் ஒடுக்கம், அதனால் விசை மெல்ல மெல்ல ஏறுகிறது. உடம்புக்கு எப்போதும் பிடிக்காதது திடீரென்று வருவது.

பூங்காவுக்குள் எங்கள் முதல் சண்டை கப்பல் ஊஞ்சலில் எங்கே இருப்பது என்பது. கப்பல் முழுவதும் ஒரே கோணத்தில்தான் ஆடுகிறது. ஆனால் நுனியில் இருப்பவர் நடுவில் இருப்பவரைவிட மேலே போய், கூட உயரத்திலிருந்து விழுகிறார். பயந்தவர் நடுவில் இருக்கலாம். என் கணவர் வீரம் காட்டி நுனியில் ஏறினார், இறங்கி வந்து அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

இரண்டாவது சண்டை உயரக் கோடு. ஐந்து வயது மகனுக்கு இரண்டு விரற்கடை குறைவு. "குதியை உயர்த்தி நில்" என்று வரிசையில் யாரோ காதுக்குள் சொன்னார்கள். தயவு செய்து சொல்லாதீர்கள். அந்தக் கோடு வயதுக்கோ துணிச்சலுக்கோ போட்டதல்ல. பெட்டி சட்டென்று நிற்கும்போதும் கீழே சரியும்போதும் உடம்பு தன் பழைய பாதையிலேயே போகப் பார்க்கும். அதை மறிப்பது தொடைக்கும் இடுப்புக்கும் மேல் இறங்கும் இரும்புத் தடிதான். இடுப்பு சிறிதாக இருந்தால் பிள்ளை தடிக்குக் கீழால் வழுக்கிவிடும். அழுதவனை ஐஸ்கிறீம் சமாதானம் செய்தது.

வரிசைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜோன் லிட்டில் 1961 இல் நிறுவிய விதி அது, எளிமையே அதன் அழகு. ஓர் இராட்டினத்தில் 24 பேர், ஒரு சுற்று ஏறி இறங்க 4 நிமிடம் என்றால், நிமிடத்துக்கு 6 பேர் குறைகிறார்கள். முன்னால் 180 தலை நின்றால் உங்கள் காத்திருப்பு 30 நிமிடம். ஒரு சுற்றைக் கடிகாரத்தில் பார்த்து, தலைகளை எண்ணினால் நிற்பதா போவதா என்று தெரிந்துவிடும். எண்ணும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்று 1985 இல் டேவிட் மைஸ்டர் எழுதியிருக்கிறார். மற்றவர்கள் சோற்றுப் பார்சல் பிரிக்கும் பன்னிரண்டரைக்கு நாங்கள் சுழலும் இராட்டினங்களை முடித்தோம். சாப்பாடு அதற்குப் பிறகுதான், அதற்கும் பிறகு மெதுவான சில்லுகள் மட்டும்.

வெயில்தான் நான் தப்புக்கணக்குப் போட்ட இடம். வன்னியில் ஓகஸ்ட் என்றால் கச்சான் காற்று. காய்ந்த சூடு, வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடும். ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 2400 கிலோயூல் வெப்பம் வெளியேறும், அவ்வளவு பெரிய குளிரூட்டி அது. தென்மேற்கோ ஈரவலயம். அங்கே வெப்பநிலை எங்கள் ஊரைவிடக் குறைவு, ஆனாலும் ஈரக் காற்று வியர்வையை ஏற்காது. சட்டை நனையும், உடம்பு ஆறாது. "இங்க வெயில் குறைவுதானே" என்று தொப்பிகளை வானிலேயே விட்டேன். மதியத்துக்குள் மகனின் முகம் சிவந்து, தலையிடி என்றான். பிள்ளைகளுக்கு உடம்பின் நிறையோடு பார்க்கத் தோலின் பரப்பு அதிகம்; வெயிலை எங்களைவிடக் கெதியாக வாங்குவார்கள். தாகம் என்று சொல்வதற்குள் நீர் குறைந்துவிட்டிருக்கும். கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனார்கள், என்ன நிறம் என்று பாருங்கள்.

அம்மா தன் பையிலிருந்து ஒரு போத்தல் எடுத்தார். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, நாங்கள் தங்கிய வீட்டு அடுப்பில் விடியக் காய்ச்சியது. கனடாப் பிள்ளைகள் சிரித்தார்கள். 2009 இல், போரின் கடைசி மாதங்களில், எங்கள் முள்ளிவாய்க்கால் கரைக்குள் அடைபட்டுக் கிடந்த நாட்களில் பலருக்குக் கிடைத்த ஒரே ஆகாரம் அரிசியும் உப்பும் தண்ணீரும்தான். ஒவ்வொரு மே மாதமும் அதையே காய்ச்சி, வீதியில் போவோர் வருவோருக்குச் சிரட்டையில் வார்க்கிறோம். அம்மாவுக்கு அது நினைவு. குடலுக்கு அது வேறொன்றும்கூட.

சிறுகுடலின் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் அது கதவு திறக்கும். இரண்டும் உள்ளே போக, தண்ணீரும் பின்னால் போகும். 1960 இல் ரொபேர்ட் கிரேன் இதைச் சொன்னார். 1971 இல் வங்காளதேச அகதிகள் நிறைந்த பொங்காவ் முகாமில் கொலரா பரவியது. சேலைன் தீர்ந்துபோன நிலையில் வைத்தியர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழி கொடுத்தார். 30 விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. உப்பும் குளுக்கோசும் கலந்த எங்கள் ஜீவனிப் பைக்கற்றின் வம்சம் அதுதான். அரிசியின் மாப்பொருளும் குடலில் குளுக்கோசாக உடைவதால், அரிசியை வைத்தே அதே கரைசலைச் செய்து கொலரா நோயாளிகளிடம் வெற்றியும் கண்டிருக்கிறார்கள்.

மகன் அரைப் போத்தல் குடித்தான். ஒரு எச்சரிக்கை: கஞ்சி சூட்டில் கிடந்தால் கெட்டுவிடும், காலையிலேயே முடித்துவிட வேண்டும். மதியத்துக்கு மேல் ஒரு லீற்றர் ஆறிய கொதிநீரில் ஒரு பைக்கற் ஜீவனி. சோடா வேண்டாம், அதில் சீனி மிகை, உப்பு மிகக் குறைவு.

பிறகு நீர்க்குளம். அங்கே உச்சியில் ஒரு பெரிய வாளி, நிரம்பியதும் தானாகக் கவிழும். நாங்கள் குளத்தங்கரையில் அம்மாவை இருத்திவிட்டுத் திரும்பினோம். வாளி கவிழ்ந்து தண்ணீர் தகரக் கூரையில் விழுந்த சத்தம், இடி மாதிரி. திரும்பிப் பார்த்தால் அம்மா சீமெந்துத் தரையில் குப்புறக் கிடந்தார். அடியில் என் மகன். அவருடைய இரண்டு கைகளும் அவன் தலைக்கு மேல்.

திடுக்கிடல் யோசித்துச் செய்வதல்ல. சத்தம் காதிலிருந்து மூளைத்தண்டுக்குப் போய்க் கழுத்துத் தசையை இழுக்க ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. "இது வாளி" என்று மூளை கண்டுபிடிக்கும்போது உடம்பு தரையில் இருக்கும். போரின் செல்லடிக்குள் வாழ்ந்தவர்களுக்கு இந்த விசை ஆண்டுக்கணக்கில் இறுகியே கிடக்கலாம். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் கூட்டு மனவடு பற்றி 2010 இல் ஆய்வெழுதினார். ஒரு பூங்காவுக்குள் அதை இத்தனை கிட்டப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை. பேய் வீடு, முப்பரிமாணப் படம், வெடி இவை எங்கே, எத்தனை மணிக்கு என்று வாசலிலேயே கேட்டு வையுங்கள். நான் கேட்கவில்லை.

வேறு இடத்துக்குப் போவோமா என்றேன். அம்மா மாட்டேன் என்றார். கதிரையை வாளியைப் பார்த்தபடி திருப்பிப் போடச் சொன்னார். வாளி சரியத் தொடங்கும்போதெல்லாம் "இந்தா விழப்போகுது" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலாம் ஐந்தாம் தரம் தோள் இலேசாகத் துள்ளியது, அவ்வளவுதான். வாளியை முன்கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அவர், வானில் எங்கள் ஓட்டுநர் இருந்த மாதிரியே இருந்தார்.

அடுத்த நாள் இரவு வீடு வந்து பாயில் படுத்ததும் மகள் எழும்பி இருந்தாள். "அம்மம்மா, பாய் ஆடுது." ஆட்டத்துக்குப் பழகிய உட்காதும் மூளையும் ஆட்டம் நின்ற பிறகும் சில மணி நேரம் அதை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும், ஒரு நித்திரையில் சரியாகிவிடும் என்று விளக்க வாயெடுத்தேன்.

"கண்ணைத் திறந்து கூரையைப் பார்" என்றார் அம்மா இருட்டுக்குள். "உங்கட அம்மப்பா கடலால வந்து படுத்தாலும் இப்பிடித்தான் சொல்லுவார்."