அலுமாரியில் கிடக்கும் நமது வரலாறு

இலங்கை முஸ்லிம்களைப் பற்றித் தமிழில் இணையத்தில் தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை என்ற முறைப்பாட்டை அடிக்கடி கேட்கிறோம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதையெல்லாம் அங்கே யார் ஏற்றி வைக்க வேண்டும் என்று நாம் கேட்பதில்லை.

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு தொடங்கியது. அதைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். 2017இல் அது ஒரு இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. எழுதியவர்கள் தம் ஓய்வு நேரத்தைச் செலவிட்ட தொண்டர்கள். நம்மவர்களும் அதில் இருந்தார்கள். கண்டி, உடத்தலவின்னையைச் சேர்ந்த எழுத்தாளரும் பதிப்பாளருமான மர்ஹூம் பீ.எம். புன்னியாமீன் இலங்கை எழுத்தாளர்கள், ஊடகவியலாளர்கள், கலைஞர்கள் பற்றிய விபரத்திரட்டுகளைப் பல தொகுதிகளாக வெளியிட்டவர். அந்த உழைப்பைத் தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் கொண்டுசென்றார். 2016இல் அவர் காலமானார். அவரளவுக்கு இதில் இறங்கி வேலை செய்ய நம்மில் இன்று எத்தனை பேர்?

ஆர்வம் இருந்தாலும் ஒரு தடை உண்டு. விக்கிப்பீடியாவில் நாம் அறிந்ததையெல்லாம் எழுதிவிட முடியாது. நூலோ, பத்திரிகையோ, மலரோ, வெளியான ஆதாரத்தைக் காட்ட வேண்டும். நம் ஊர் ஆலிம் ஒருவரைப் பற்றி எழுதினால், ஆதாரமில்லை என்று அந்தக் கட்டுரை நீக்கப்படலாம். அதைப் பாரபட்சம் என்று சொல்வது அவசரம். ஆதாரம் பெரும்பாலும் இருக்கிறது. அது யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியில், ஒரு பாடசாலை மலரின் நடுப்பக்கத்தில் கிடக்கிறது.

இங்கேதான் நூலகம் நிறுவனத்தின் பணி முக்கியமாகிறது. 2005இல் ஒருசில இளைஞர்களின் தன்னார்வ முயற்சியாகத் தொடங்கிய இந்த எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்களை ஸ்கேன் செய்து, எவரும் இலவசமாக வாசிக்கும்படி ஏற்றி வருகிறது. அதில் முஸ்லிம் ஆவணகம் என்றே ஒரு தனிச் சேகரமும் உண்டு. இடம் நமக்காக ஒதுக்கப்பட்டாயிற்று. அதை நிரப்புவதற்கான தாள்கள் நம்மிடம்தான் இருக்கின்றன.

தாள் எவ்வளவு எளிதில் இல்லாமற்போகும் என்பதை இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1981 ஜூன் முதலாம் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வெளியேறக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த நேரத்தில் பிள்ளைகளைத் தூக்குவார்களா, பழைய மலர்களை எடுப்பார்களா? வடக்கு முஸ்லிம்களின் எழுத்துத் தடயங்களில் பெரும் பகுதி அன்றே போயிற்று.

கொழும்பில் இழப்பு சத்தமில்லாமல் நடக்கிறது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பழைய வீடுகள் உடைக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுகின்றன. வீடு மாறும்போது வாப்பாவின் புத்தகங்கள் நிறைக் கணக்கில் பழைய பேப்பர் வாங்குபவரிடம் போகின்றன. அரபுத்தமிழ்க் கிதாபுகளின் நிலை இன்னும் மோசம். அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்களே குறைந்துவிட்டதால், இது என்ன நூல் என்று சொல்லக்கூட வீட்டில் ஆளிருக்காது.

உதவி என்றதும் பணம் நினைவுக்கு வருகிறது. ஸ்கேன் இயந்திரத்துக்கும் சேமிப்பகத்துக்கும் பணம் வேண்டும்தான். ஆண்டுக்கொரு முறை பெருந்தொகை கொடுப்பதைவிட மாதாமாதம் வரும் சிறு தொகை இத்தகைய அமைப்புகளுக்கு அதிகம் பயன்படும். ஆனால் நாம் மட்டுமே கொடுக்கக்கூடிய ஒன்று இருக்கிறது: அனுமதி.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒருவரின் எழுத்துக்கான உரிமை அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்தி லெப்பை 1898இல் காலமானவர். அவருடைய எழுத்தை எவரும் ஏற்றலாம். ஸாஹிராக் கல்லூரி அதிபராக இருந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் மறைந்தது 1973இல். அவருடைய எழுத்துக்கான உரிமை 2043 வரை இருக்கும். பேராசிரியர் ம.மு. உவைஸ் 1996இல் மறைந்தார். அவருடைய எழுத்துக்கு 2066 வரை. அதுவரை, உரிமை வைத்திருப்பவர்கள் சம்மதித்தால் ஒழிய யாரும் முழு நூலையும் ஏற்ற முடியாது. பெயர் பெற்றவர்களைத் தேடி யாராவது வருவார்கள். ஒன்றிரண்டு கவிதைத் தொகுதிகளோடு நின்றுவிட்ட ஓர் ஆசிரியரின் பிள்ளைகளைத் தேடி யார் வருவார்? அவர்கள் தாமாகவே ஒரு பக்கத்தில் சம்மதத்தை எழுதி, கையொப்பமிட்டுக் கொடுக்கலாம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் மத்ரஸாக்களும் பழைய மாணவர் சங்கங்களும் தாம் வெளியிட்ட மலர்களுக்கு அடுத்த கூட்டத்திலேயே இந்தத் தீர்மானத்தை எடுக்கலாம். மூலப் பிரதியைக் கொடுத்துவிட வேண்டுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். ஸ்கேன் செய்ததும் திருப்பித் தரும்படி கேட்டு, அதை எழுத்தில் பெற்றுக்கொண்டு கொடுங்கள். பழைய குழுப் படங்களில் நிற்பவர்களின் பெயர்களை, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துவிடுங்கள்.