குழந்தை கட்டிய ஊரும் பெற்றோர் கட்டிய பணமும்

2010ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஐபோனுக்கென வெளிவந்த ‘ஸ்மர்ஃப்ஸ் வில்லேஜ்’ என்னும் விளையாட்டு, நீலநிறக் குட்டி மனிதர்களுக்குக் காளான் வீடுகளும் தோட்டங்களும் அமைத்து ஓர் ஊரையே நிர்மாணிக்கும் இனிய வேலையைக் குழந்தைகளிடம் ஒப்படைத்தது. விலையோ ஒரு காசும் இல்லை. அப்படி இலவசமாகக் கிடைத்த சரக்கு, சில மாதங்களுக்குள் அந்நாட்டில் மிகுந்த வருமானம் ஈட்டிய செயலிகளின் முன்வரிசைக்கு வந்துவிட்டதென்றால், அதன் சூட்சுமத்தை நாம் விசாரிக்கத்தான் வேண்டும்.

ஊர் கட்டும் விளையாட்டுகளுக்கெல்லாம் மூலதனம் காத்திருப்பு. பயிர் விளையவும் வீடு எழும்பவும் மணிக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். பொறுமையில்லாதவர் காசு கொடுத்து அந்தக் காலத்தைத் தாண்டிவிடலாம். அதற்காக அந்த ஊரில் ‘ஸ்மர்ஃப் பெர்ரி’ என்னும் பழங்கள் விற்கப்பட்டன. ஒரு வண்டிப் பழத்தின் விலை ஏறக்குறைய 100 டாலர். 2014இல் வந்த ‘சிம்சிட்டி பில்ட்இட்’ விளையாட்டிலும் ‘சிம்கேஷ்’ என்றொரு நாணயம் உண்டு. பணத்துக்கு இவ்வாறு வேறு பெயர் சூட்டிவிடுவதால், பழம் பறிக்கும் பிள்ளைக்குத் தன் தந்தையின் பணத்தை எடுக்கிறோம் என்ற பிரக்ஞையே எழுவதில்லை.

போதாக்குறைக்கு, தாயோ தந்தையோ ஒருமுறை கடவுச்சொல்லைப் பதிந்துவிட்டால், அடுத்த 15 நிமிஷம் வரையில் மறுபடி கேளாமலே எத்தனை பொருளையும் வாங்கிக்கொள்ளும்படி ஆப்பிளின் கடை வாசல் திறந்து கிடந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இவ்வழியே 1,400 டாலர் செலவிட்ட செய்தி 2011 பிப்ரவரியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகையில் வெளியாகிப் பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. பில்லைக் கண்டு திகைத்த எத்தனையோ பெற்றோர், பிள்ளையைச் சரியாகக் கண்காணிக்காதது தங்கள் தவறே என்று வெட்கி, வாய் திறவாமல் பணத்தைக் கட்டியிருப்பார்கள் என்பதே என் மனத்தை அதிகம் வருத்துகிறது. ஏனெனில் அந்நாட்டுச் சட்டம் அவர்கள் பக்கமே நின்றது.

எஃப்.டி.சி. எனப்படும் மத்திய வர்த்தக ஆணையம், அநியாயமான வியாபார முறைகளைத் தடுக்கும் தன் சட்டத்தின் 5ஆம் பிரிவைக் கொண்டு, கணக்குக்கு உரியவரின் வெளிப்படையான, விஷயம் அறிந்த சம்மதமின்றி வசூலித்தது செல்லாது என்று வாதித்தது. 2014 ஜனவரியில் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரும், அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலரும் திருப்பித் தர இணங்கின. இணங்காமல் நீதிமன்றம் சென்ற அமேசானுக்கு எதிராக 2016இல் தீர்ப்பாயிற்று. கடவுச்சொல்லைத் தட்டியது மட்டுமே சம்மதமாகாது, எதற்கு எவ்வளவு பணம் போகிறதென்று தெரிந்திருக்க வேண்டும் என்பதே இவ்வழக்குகளின் சாரம்.

ஆகவே, அங்கே குடியேறியிருக்கும் நம்மவர் உட்பட, இத்தகைய பில் வரப்பெற்றவர் முதலில் செயலியை விற்ற கடைக்கே எழுதி, பிள்ளை அறியாமல் வாங்கியது என்று காரணம் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். அது பலிக்காவிட்டால், கிரெடிட் கார்டு பில்லில் உள்ள பிழையை, பில் அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் வங்கிக்கு எழுத்துமூலம் தெரிவித்து ஆட்சேபிக்கும் உரிமையை 1974ஆம் ஆண்டுச் சட்டம் அளிக்கிறது. எஃப்.டி.சி.யிடமும் புகார் பதியலாம். தனிமனிதர் வழக்கை அது தீர்த்து வைப்பதில்லை என்றாலும், மேற்சொன்னவை போன்ற வழக்குகளைத் தொடுக்க அத்தகைய புகார்கள் அதற்கு உதவும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி போனின் அமைப்புகளில் மாற்றி வைப்பதும், செயலிக்குள் வாங்குவதையே அடைத்துவிடுவதும் சில நிமிஷ வேலை.

மின்னஞ்சலில் வரும் ரசீதுகளை மட்டும் அழித்துவிடலாகாது; பின்னர் பணத்தைத் திருப்பிக் கேட்க அவையே சான்று. அமேசான் வழக்கில் திருப்பிப் பெறத் தகுதியான தொகை 7 கோடி டாலருக்கும் மேற்பட்டதாயினும், அதற்கு உரியவர்கள் தாமே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அந்தக் கெடு 2018 மே மாதத்தோடு முடிந்துவிட்டது.