டிவி அலமாரிக்குக் காற்று வருதா?

டிவியை அணைச்ச பிறகு செட்டாப் பாக்ஸ் மேல கை வெச்சுப் பார்த்திருக்கீங்களா? ராத்திரி ரிமோட்ல அணைச்சது, காலையிலயும் வெதுவெதுன்னு இருக்கும். சுவர் ஸ்விட்சை அணைக்கிற வரைக்கும் உள்ளே கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கிட்டேதான் இருக்கு.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில வேலை பார்க்கிறவங்களுக்கு இந்தச் சூட்டை வெளியேத்த வழி தெரியும். மெஷின் பக்கத்துல நிக்கிற எலெக்ட்ரிக்கல் பேனலைக் கவனிச்சிருப்பீங்க. பெரும்பாலும் கீழே காற்று நுழைய ஜன்னல் மாதிரி கீறல் இருக்கும், மேலே சூட்டை வெளியே தள்ள ஒரு சின்ன ஃபேன் ஓடும். சூடான காற்று மேலே ஏறும், அதான் கணக்கு.

வீட்டு டிவி அலமாரிக்கும் இதேதான். கேபிள் போறதுக்குன்னு ஒரே ஒரு ஓட்டை போட்டு விட்டுடுவாங்க, அது பத்தாது. ஆசாரிகிட்ட சொல்லி, பின்பலகையில அடியில ஒண்ணு, உச்சியில ஒண்ணுன்னு நல்ல அகலமாவே போட்டுக்கோங்க. ஆம்ப்ளிஃபயர் தலையில செட்டாப் பாக்ஸை ஏத்தி வைக்காதீங்க. கத்திரியில திருத்தணிப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, அலமாரியோட கண்ணாடிக் கதவைத் திறந்து வெச்சே படம் பாருங்க.